முன்னுக்கு ஒரு கொம்பனி, பின்னுக்கு ஒரு கொம்பனி ரயர் போடலாமோ?

போடலாம், ஆனா ஒரே அச்சில இடது வலது ரெண்டும் ஒரே கொம்பனி, ஒரே சைஸ், ஒரே பூவா (ரயரில ரோட்டில படுற பக்கத்தில இருக்கிற வெட்டு) இருக்கவேணும், இதில மட்டும் விட்டுக்குடுக்காதேங்கோ. இடதில ஒண்டு வலதில வேற ஒண்டு எண்டா பிரேக் அடிக்கேக்க கார் ஒரு பக்கம் இழுக்கும். நாலு சில்லும் இழுக்கிற வாகனமெண்டா நாலும் ஒரே மாதிரித்தான் வேணும்.

ரெண்டுதான் புதுசா வாங்க காசு இருக்கெண்டா அதைப் பின்னுக்குப் போடுங்கோ, எஞ்சின் முன்சில்லை இழுக்கிற காரெண்டாலும் அப்பிடித்தான். நான் முன்னுக்குப் போட்டிட்டு கார்த்திகை மழைக்குள்ள மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்குப் போகேக்க ஒட்டுசுட்டான் கிட்ட ஒரு வளைவில பின்பக்கம் அப்பிடியே வழுக்கிக்கொண்டு போட்டுது, பிள்ளையளும் பின்னுக்கு இருந்ததுகள், இப்பவும் நினைச்சா நெஞ்சு பதறுது. முன்சில்லு வழுக்கினா அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தாச் சமாளிக்கலாம், பின்சில்லு வழுக்கினா கார் சுத்திப்போடும்.

வாங்கேக்க ரயரின்ர பக்கவாட்டில DOT எண்டு தொடங்கிற டிஓடி நம்பரின்ர கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கோ. 3521 எண்டா 2021ம் ஆண்டு 35ம் கிழமை செய்தது. பூ நல்லா இருந்தாலும் ரப்பர் வெடிச்சிருந்தா வேண்டாதேங்கோ.