லாபம் காட்டும் திட்ட அறிக்கைகள்: முதலீட்டு இடர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டி பக்கம் ஒரு நிறுவனம் 10 கோடி ரூபாயில் வனாமி இறால் பண்ணை போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 8 கோடி, செலவு 6 கோடி, கையில் நிற்பது 2 கோடி. பண்ணை பத்து ஆண்டு ஓடும். நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கும் ஆண்டு வீதத்தைத் தள்ளுபடி வீதம் என்பார்கள். 12 சதவீதத் தள்ளுபடி வீதத்தில் அந்த வரவுகளின் இன்றைய மதிப்பு 11.30 கோடி. போட்ட பணம் போக 1.30 கோடி மிச்சம். இயக்குநர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதோடு நிறுத்துவதுதான் முதல் தவறு. எவ்வளவு சறுக்கினால் அந்த மிச்சம் காணாமல் போகும் என்று திருப்பிக் கேளுங்கள். ஆண்டுக்கு 1.77 கோடி நின்றால்தான் முதல் தேறும். ஆக, இடைவெளி வெறும் 23 லட்சம். 8 கோடி விற்பனையில் 3 சதவீதம்கூட இல்லை. இறால் விலை ஒரே பருவத்தில் அதைவிட அதிகமாக ஆடும். அனுமதி, மின் இணைப்பு என்று ஓராண்டு இழுத்துவிட்டால் வரவின் மதிப்பு 10.09 கோடிக்கு இறங்கி, மிச்சம் 9 லட்சமாகிவிடும்.

அடுத்தது, ஒவ்வொரு இடரையும் தனித்தனியாகச் சோதிப்பது. எக்செல் தாளில் விலை 10 சதவீதம் குறைந்தால் ஒரு வரி, விளைச்சல் 10 சதவீதம் குறைந்தால் இன்னொரு வரி இருக்கும். பண்ணையில் நடப்பது வேறு. இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டியதும் 30 கவுண்டுக்கு (கிலோவுக்கு 30 இறால்) காத்திருந்தவர் 100 கவுண்டிலேயே பிடித்துவிடுவார். பொடி இறாலுக்கு விலை குறைவு. பக்கத்துப் பண்ணைக்காரர்களும் அதே வாரம் பிடிக்க, வியாபாரி இன்னும் இறக்கிக் கேட்பார். தின்ற தீவனத்துக்கான பணம் திரும்பாது. விலையும் விளைச்சலும் ஒரே நேரத்தில் தலா 10 சதவீதம் விழுந்தால் விற்பனை 6.48 கோடி, செலவு அதே 6 கோடி. நிற்பது 48 லட்சம். கடன் வாங்கியிருந்தால் வட்டிக்கே போதாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியது போன்ற அடி அந்த நேரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

‘பல இடத்தில் பிரித்துப் போட்டிருக்கிறோம்’ என்ற ஆறுதலும் இதே வகைதான். மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் கடல்பாசியை மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். 45 நாளில் அறுவடை. மிதவைகள் நூறு இருந்தாலும் கடல் ஒன்றுதான். 2013க்குப் பிறகு கடல் சூட்டில் பாசி கொத்துக் கொத்தாக அழுகியபோது உற்பத்தியே படுத்துவிட்டது. எண்ணிக்கை பெருகினால் மட்டும் இடர் பிரிந்துவிடாது.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு எல்லாப் பயத்தையும் தள்ளுபடி வீதத்துக்குள் திணிப்பதுதான். ‘ரிஸ்க் இருக்கிறது, 12ஐ 15 ஆக்கு’ என்பார்கள். சரி, ஆனால் அது தூரத்து ஆண்டுகளைத்தான் கடுமையாக வெட்டும். புயல் முதல் ஆண்டிலேயே வரலாம். சட்ட இடரோ சதவீதக் கணக்கில் அடங்காது. நடக்கும், அல்லது நடக்காது. சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலையில் 2,427 கோடி மதிப்பீட்டில் தொடங்கியது. 2007இல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலம் பகுதியில் தோண்டத் தடை விதித்தது. கால்வாய் இன்றுவரை முடியவில்லை. இப்படிப்பட்ட இடருக்குத் தனிக் கிளை வரைய வேண்டும்: தடை வந்தால் அதுவரை எவ்வளவு போட்டிருப்போம், எவ்வளவு திரும்பும் என்று.

உப்புக்காற்றுக்கும் பராமரிப்புச் செலவைச் சராசரியாகப் போட்டுத் தப்பிக்க முடியாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் தொடக்கச் செலவிலேயே சேர்ந்தவை.

முதலாளி விரும்பும் விடை வரும்வரை விற்பனை எண்ணைத் தட்டிப் பார்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா அலுவலகத்திலும் உண்டு. திட்டத்தைக் கொண்டுவந்தவரே எண்களையும் போடக்கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், பத்துக் குளத்தையும் ஒரே மூச்சில் வெட்டுவது. நான்கு வெட்டி இரண்டு பிடிப்பு பார்த்தால், மீதி ஆறுக்கான பணம் கையில் இருக்கும். ஆனால் எந்த எண் வந்தால் நிறுத்துவது என்பதை முதல் குளம் வெட்டும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் ‘இவ்வளவு போட்டாச்சு, விட முடியுமா’ என்பார்கள்.