பிக் லைன்: ரத்தக்கட்டிக்கும் தொற்றுக்கும் வழிவிடும் தவறுகள்

மேல்கைச் சிரை ஒன்றில் நுழைத்து, நுனி இதயத்துக்குச் சற்று மேலே பெருஞ்சிரையில் நிற்கும்படி வைக்கும் மெல்லிய குழாய்தான் பிக் லைன். அதனால் வரும் ரத்தக்கட்டியையும் கிருமித்தொற்றையும் தனித்தனிச் சிக்கல்களாகப் பார்ப்பதே முதல் தவறு. குழாய் உள்ளே போனதுமே அதன்மேல் ஃபைப்ரின் (ரத்தத்தை உறையவைக்கும் புரத இழை) படலம் படியத் தொடங்கும். கட்டி வளர்வது அதன்மேல்தான், கிருமி ஒட்டிக்கொள்வதும் அதில்தான்.

குழாய் போடும் முன்பே பல தவறுகள் நடந்துவிடுகின்றன. குழாயின் விட்டம் சிரையின் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழாயைச் சுற்றி ரத்தம் ஓட இடமில்லாமல் தேங்கி உறையும். 4 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு) குழாய்க்கு ஏறக்குறைய 3 மி.மீ. சிரை வேண்டும், 5 பிரெஞ்சுக்கு 3.7 மி.மீ. கையைக் கட்டிவிட்டு அல்ட்ராசவுண்டில் அளந்தால் சிரை உப்பித் தெரியும், அந்த அளவு ஏமாற்றும். கட்டை அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு, மூன்று லூமன் (உள்ளே தனித்தனியாக ஓடும் வழி) உள்ள குழாயைப் போடுவதும் வேண்டாத வேலை. லூமன் கூடக்கூடக் குழாய் தடிக்கும், கிருமி நுழையும் வாசலும் கூடும். ஒரு லூமன் போதுமென்றால் ஒன்றே போட வேண்டும்.

சிறுநீரகச் செயல்திறன் (இஜிஎஃப்ஆர்) 45-க்குக் கீழே உள்ளவர்களுக்குக் கூடியவரை பிக் லைனைத் தவிர்ப்பது நல்லது. பின்னாளில் டயாலிசிஸ் ஃபிஸ்துலாவுக்கு (தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் வழி) தேவைப்படும் சிரையை இன்றைய வசதிக்காகக் கெடுத்துவிடக் கூடாது.

அன்றாடக் கையாளலில் அதிகம் கோட்டை விடுவது ஹப்பை, அதாவது சிரிஞ்சை இணைக்கும் வெளிமுனையை, துடைப்பதில். ஆல்கஹால் துணியால் ஒரு தடவு தடவிவிட்டு ஊசி மருந்தை ஏற்றினால், வெளியில் இருந்த கிருமியை நாமே ரத்தத்துக்குள் தள்ளுகிறோம். 15 விநாடி அழுத்தித் தேய்த்து, ஈரம் தானாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். வாயால் ஊதிக் காயவைத்தால் துடைத்தது வீண். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் இதே கதைதான். ஐந்து நிமிடத்துக்கு முன் துடைத்தோமே என்பது கணக்கில் சேராது.

மருந்து ஏற்றியபின் 10 மி.லி. சலைனும், ரத்தம் எடுத்தபின் 20 மி.லி.யும் விட்டுவிட்டுத் தள்ளிச் செலுத்த வேண்டும். ஒரே சீராக அழுத்தினால் உட்சுவரில் ஒட்டியது சரியாகக் கழுவப்படாது. அடைத்துக்கொண்டதென்று 2 மி.லி. சிரிஞ்சால் பலங்கொண்ட மட்டும் தள்ளுவது ஆபத்து. சிறிய சிரிஞ்சில் அழுத்தம் மிக அதிகம். குழாய் வெடிக்கலாம், கட்டி உள்ளே தள்ளப்படலாம். 10 மி.லி. சிரிஞ்சே பாதுகாப்பு. அடைப்பைக் கரைக்கத் தனி மருந்து உண்டு.

ஒளிபுகும் டிரெஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறையும் துணி டிரெஸ்ஸிங்கை 2 நாளுக்கு ஒருமுறையும் மாற்றுவது வழக்கம். ஓரம் பிரிந்தாலோ நனைந்தாலோ நாள் எண்ணாமல் உடனே மாற்றவும். குழாய் சற்று வெளியே வந்திருந்தால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவிடாதீர்கள். பயத்தில் கையை அசைக்காமலே வைத்திருப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு, ரத்தம் தேங்கும். கனம் தூக்காமல் இயல்பாக அசைப்பதே சரி.

குழாய் நுழைந்த இடம் சிவக்கட்டும், சீழ் வரட்டும் என்று காத்திருப்பதுதான் மிகவும் கவலை தருவது. ரத்தத்தில் கிருமி ஏறிய பலருக்கு அந்த இடம் சுத்தமாகவே இருக்கும். மருந்து ஏற்றிய சற்று நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தால் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் குழாயிலிருந்து ஒன்று, மறுகையிலிருந்து ஒன்று என ஒரே நேரத்தில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும். குழாயின் மாதிரி 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்தால் தொற்றின் ஊற்று அதுவே.

கை, தோள், கழுத்து வீங்கினாலோ கடுத்தாலோ, சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவை. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கட்டி தெரிந்ததுமே குழாயை உருவிவிடுவதும் பிசகு. குழாய் வேலை செய்து, நுனி சரியான இடத்தில் இருந்து, தொற்றில்லாமல், இன்னும் தேவையும் இருந்தால் அதை வைத்துக்கொண்டே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுக்கலாம். பொதுவாகக் குறைந்தது 3 மாதம். உருவிவிட்டு மறுகையில் போட்டால் அங்கும் கட்டி வரலாம்.

தேவை முடிந்த குழாயை 'இருக்கட்டுமே' என்று விட்டுவைப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. எடுக்கும்போது நோயாளியைப் படுக்கவைத்து, மூச்சை வெளிவிடச் சொல்லி எடுத்து, காற்றுப் புகாத டிரெஸ்ஸிங்கை 24 மணி நேரம் வைக்க வேண்டும்.