சோதனைக்குப் பண்ண பீரங்கி ரவுண்டு (முழு தோட்டா) சேக்கணுமா, பெயிண்ட்ட நம்பாதீங்க

போர் விமானத்துல மாட்டுற வால்கன் பீரங்கியோட 20 எம்எம் காலி கேஸ், அதாவது சுட்டப்புறம் மிஞ்சுற உலோகக் கூடு, அமெரிக்கால ராணுவ சாமான் விக்கிற கடைல சும்மா கெடக்கும், அத வாங்கி அடுக்குறதுல எனக்கு சுவாரசியமே இல்ல. அதோட தாத்தாவ தேடுங்க. .60 காலிபர், அதாவது குண்டோட விட்டம் 15.2 எம்எம், கேஸ் நீளம் 114 எம்எம். மொதல்ல டாங்க் எதிர்ப்பு துப்பாக்கிக்குன்னு ஆரம்பிச்சு, அப்புறம் ஜெர்மன்காரனோட எம்ஜி 151ங்கிற விமான கன்ன பாத்து டி17னு ஒரு கன் பண்ணி, அது தேறாம போய், கடைசில அந்த கேஸையே கழுத்த விரிச்சு நீளத்த கொறச்சு 20 எம்எம் குண்டுக்கு மாத்தினாங்க, அதான் 20×102, எஃப்-16 இன்னிக்கும் சுடுறது அதத்தான். ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்த ஒரு குடும்பம் போதும், எல்லாத்தையும் அள்ளாதீங்க.

அளக்குற வெர்னியர் காலிப்பர் ஒண்ணும் காந்தம் ஒண்ணும் கைல இருக்கணும். கேஸ் நீளம், வாய் அளவு, அடி விளிம்பு மூணையும் அளந்து எழுதுங்க. காந்தம் ஒட்டுனா ஸ்டீல் கேஸ். அப்புறம் அடில குத்திருக்குற முத்திரை, அதான் ஹெட்ஸ்டாம்ப்: எஃப்ஏனு இருந்தா ஃபிலடெல்ஃபியால இருந்த ஃப்ராங்க்ஃபோர்டு ஆர்சனல்ங்கிற ராணுவ தொழிற்சாலை, 1977ல மூடிட்டாங்க. மாடல் பேரு 'டி'ன்னு ஆரம்பிச்சா பழைய சோதனை, எக்ஸ்எம்னா அதுக்கு அப்புறம் வந்த சோதனை, வெறும் எம்னா படைல சேந்தாச்சு. வால்கனே டி171ஆ இருந்து எம்61 ஆனதுதான்.

இப்ப முக்கியமான விஷயம். நீலம்னா ப்ராக்டிஸ், மஞ்சள்னா வெடிக்கிறது, பித்தளை நெறம்னா டம்மினு அமெரிக்க கலர் கோடு இருக்கு, ஆனா சோதனை ரவுண்டுல லேப்காரன் கைக்கு கெடச்ச பெயிண்ட்ட அடிச்சிருப்பான், இல்ல அடிச்சே இருக்க மாட்டான். ப்ரைமர் (அடில மருந்த பத்த வெக்கிற மூடி) அடிபட்டிருக்கு, கேஸ்ல ஓட்டை போட்டிருக்குன்னா கேஸ் காலின்னு வெச்சுக்கலாம், குண்டு காலின்னு அர்த்தம் இல்ல, அதுக்குள்ள தனியா வெடிமருந்தும், அத வெடிக்க வெக்கிற ஃப்யூஸும் இருக்கலாம். நீங்களா கழட்டி பாக்கவே கூடாது. சுடுற மைதானத்துல கெடந்தத எடுத்தேன்னு ஒருத்தன் நீட்டுனா தொடாம தள்ளிப்போய் போலீஸ கூப்பிடுங்க. அமெரிக்க சட்டப்படி கால் அவுன்ஸுக்கு மேல வெடிமருந்து இருக்குற குண்டு 'டெஸ்ட்ரக்டிவ் டிவைஸ்', அதாவது நாசம் பண்ற ஆயுதம், ஒவ்வொண்ணுக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். ஊருக்கு வரும்போது காலி கேஸ்தானேனு பெட்டில போட்டுடாதீங்க, ஏர்போர்ட்லயே ஆயுதச் சட்டத்துல மாட்டலாம்.

எல்லாரும் ஏங்குறது எஃப்-15 போர் விமானத்துக்காக பண்ண ஜிஏயு-7 பீரங்கியோட 25 எம்எம் ரவுண்டு. பித்தளை கேஸே கெடையாது, மருந்தையே கட்டியா வார்த்து குண்ட உள்ள பொதச்சிருப்பாங்க. 1970கள்ல திட்டத்த கைவிட்டு, விமானத்துல பழைய வால்கனையே மாட்டிட்டாங்க. இதுல டம்மி மட்டும் வாங்குங்க, நெஜ ரவுண்டுன்னா ஒடம்பு முழுக்க மருந்து, அத யாரு வீட்ல வெப்பாங்க?

வாங்குறதுக்கு செயின்ட் லூயிஸ்ல வருஷா வருஷம் நடக்குற கார்ட்ரிட்ஜ் ஷோ நல்ல எடம், கைல எடுத்து அளந்து பாக்கலாம். சாதா கேஸ லேத்துல கடைஞ்சு அபூர்வம்னு விக்கிறவங்களும் இருக்காங்க, கழுத்துல புது டூல் கோடு தெரியுதான்னு லென்ஸ் வெச்சு பாருங்க. பெட்டி, ட்ராயிங், லேபிள் எது கூட வந்தாலும் சேத்து வாங்கிடுங்க. ப்ராசோ மாதிரி பாலிஷ் போட்டு மட்டும் தேய்க்காதீங்க, நான் மொத கேஸ தேய்ச்சு பளபளன்னு ஆக்குனேன், அதுல இங்க்ல எழுதிருந்த லாட் நம்பரும் (எந்த தொகுதில பண்ணதுன்னு சொல்ற எண்) போயிடுச்சு.