கால்வாய் வண்டலில் சதுப்பை மீட்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள்

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், ஏறி இறங்கும் சதுப்புகளில் பெரும்பகுதி உப்பளமாகவும் வயலாகவும் நகரமாகவும் மாறிவிட்டது. கரை கட்டி அடைத்த நிலம் தாழ்ந்துபோனதால், அதை மீட்க மண் வேண்டும். பக்கத்திலேயே வெள்ளத் தடுப்புக் கால்வாய்கள் தூர்ந்து, வாரிய வண்டலைக் கொட்ட இடமின்றிக் கிடக்கின்றன. இரண்டையும் இணைப்பது நல்ல யோசனைதான். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு குழுவும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது. அனுமதியில்லாமல் வாருவது, மழைக்காலத்தில் இயந்திரம் இறக்குவது போன்றவை தவறென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாம் ஒரே மண் என்று நினைப்பது

கால்வாயின் மேல்பகுதியில் படிவது சரளையும் மணலும். ஓதம் ஏறும் கீழ்ப்பகுதியில் படிவது நுண்வண்டலும் களியும். சதுப்பின் தரைக்குக் களிதான் வேண்டும். சரளையைக் கரைச்சரிவுக்கும், சதுப்பிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாய்வுக்கும் வையுங்கள். வாரும்போதே இரண்டு குவியல் போட வேண்டும். கலந்துவிட்டால் பிரிக்கக் கட்டுப்படியாகாது.

வாரிய பிறகு சோதிப்பது

விரிகுடாவின் தென்கோடியில் கலக்கும் குவாடலூப் ஆற்று வண்டலில் நியூ அல்மடேன் சுரங்கத்தின் பாதரசம் இருக்கும். வாருமுன் சோதியுங்கள்.

விளிம்புவரை நிரப்புவது

பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். எரிச்சலூட்டுவதும் இதுதான், ஏனென்றால் பாடம் 1970களிலேயே கிடைத்துவிட்டது. கோர்ட்டே மடேராவின் முஸ்ஸி சதுப்பில் தூர்வாரிய சேற்றைக் கொட்டி 1976இல் கரையைத் திறந்தார்கள். நிரப்பிய பகுதி உயரமாகிவிட்டதால் ஓதநீர் சரியாக உள்ளே போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே சேற்றைத் தோண்டி ஓடை வெட்ட வேண்டியிருந்தது.

சதுப்பின் உயிர் அதன் கிளையோடைகள். தரை தாழ்ந்திருக்கும்போது ஒவ்வொரு ஓதத்திலும் நிறைய நீர் ஏறி இறங்கும். அந்த ஓட்டமே சேற்றை அரித்து ஓடை வெட்டும். உயரமாக நிரப்பினால் உள்ளே வரும் நீர் குறையும், அரிப்பும் நின்றுபோகும். புல்டோசர் மிதித்து இறுகிய தரையில் நீர் தேங்கி, காய்ந்து, உப்புப் பூத்த பொட்டல்தான் மிஞ்சும். மீன் வராது, ஓடைக்கரையில் இரை தேடும் ரிட்ஜ்வே ரெயில் பறவையும் வராது.

வண்டலை எப்படியாவது தலைமுழுக நினைக்கும் கால்வாய்க்காரர், கன மீட்டருக்குக் கூலி வாங்கும் ஒப்பந்ததாரர், நிலம் எழும்பியதைப் படம் எடுக்க நினைக்கும் அதிகாரி என்று மூவருக்கும் அதிகம் நிரப்புவதே லாபம். ஆகவே மேல்மட்டத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: அடிச்சேறு அமுங்கிய பிறகும் முதிர்ந்த சதுப்பின் மட்டத்துக்கு 30 முதல் 50 செ.மீ. கீழே. மீதியை ஓதம் படியவைக்கும். விரிகுடா நீரில் கலங்கல் குறைந்த இடமென்றால் இந்த இடைவெளியைச் சுருக்கலாம்.

1996இல் கரை திறந்த சோனோமா பேலேண்ட்ஸ் என்ற மீட்புத் திட்டத்தில் இதைச் சரியாகத் தாழ்வாகவே விட்டார்கள். ஆனால் விரிகுடாவுக்குப் போகும் வாய்க்கால் குறுகலாக இருந்ததால் ஓதம் பல ஆண்டுகள் முடங்கியது. உள்மட்டத்தைக் கவனிப்பவர் ஓதம் நுழையும் வாயையும் கவனிக்க வேண்டும்.

கோல்டன் கேட் ஓத அளவை எங்கும் போடுவது

விரிகுடாவின் வாயான கோல்டன் கேட் நீரிணையில் ஓத வீச்சு 1.8 மீட்டர், விரிகுடாவின் தென்கோடியில் 2.5 மீட்டரைத் தாண்டும். அந்தந்த இடத்தில் அளவெடுங்கள்.

லாரிக் கணக்கை மறப்பது

ஒரு ஹெக்டேரை 30 செ.மீ. உயர்த்த 3,000 கன மீட்டர் வேண்டும். டிப்பருக்கு 8 கன மீட்டர் என்றால் 375 நடை. இது அமுங்கிய மண்ணின் கணக்கு. லாரியில் ஏறும் உதிரி மண் பருத்திருப்பதால் நடை இன்னும் கூடும்.

சேற்றை ஆண்டுக்கணக்கில் காயவிடுவது

ஓதச் சேற்றிலுள்ள இரும்பு சல்பைடு காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும். ஈரத்தோடே இடம் சேர்த்துவிடுங்கள்.

புல்லை நட்டு அவசரப்படுத்துவது

1970களில் அலமேடா கிரீக் வெள்ளக் கால்வாயை ஒட்டிய பழைய உப்பளத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு அட்லாண்டிக் கரையின் ஸ்பார்ட்டினா புல்லை நட்டது. அது உள்ளூர் ஸ்பார்ட்டினாவோடு கலந்து விரிகுடாவெங்கும் பரவி, 2000 முதல் ஒழிப்புத் திட்டம் நடத்த வேண்டிய நிலைக்குக் கொண்டுவிட்டது. மட்டம் சரியாக இருந்தால் நம் உமரிக்கு உறவான பிக்கிள்வீட் விதை ஓதத்தோடு தானே வந்துவிடும். புதிதாக முளைக்கும் ஸ்பார்ட்டினாவில் கலப்பினத்தைக் கண்ணால் பிரிப்பது கடினம். இலையை மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே பிடுங்குங்கள்.