ஜெபிக்க வார்த்தை வராத நாட்களுக்கு ஒரு வழி

முழங்கால் போட்டு உட்கார்ந்தால் அதே நாலு வரிதான் வருகிறது, அப்புறம் மனசு எங்கேயோ போய்விடுகிறது என்பவர்கள் பைபிளில் பாட்டாக இருக்கிற ஜெபங்களான சங்கீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெபித்துப் பாருங்கள். மொத்தம் 150 சங்கீதம். இன்றைய தேதியை எடுத்து, முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். இன்று 13 என்றால் 13, 43, 73, 103, 133. ஐந்தையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இன்றைய மனநிலைக்கு ஒட்டுகிற ஒன்றை மட்டும் எடுத்தால் போதும்.

அதை வாய்விட்டு, மெதுவாக, ஒரு வசனம் வாசித்து நிறுத்தி, அதையே உங்கள் வீட்டு விஷயமாக மாற்றிச் சொல்லுங்கள். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பிக்கிறது. வேலை கிடைக்காமல் இருக்கிறீர்களா, அந்த இடத்தில் அதைச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். ஆண்டவரிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று பயப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 88-ஐ வாசித்துப் பாருங்கள், கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், அதுவும் வேதத்தில் ஜெபமாகத்தான் இருக்கிறது. இயேசுவே சிலுவையில் 22-ஆம், 31-ஆம் சங்கீதங்களின் வார்த்தைகளைத்தான் சொல்லி ஜெபித்தார்.

மனசு அலைந்தால் விட்ட வசனத்திலிருந்து தொடருங்கள். பத்து நிமிஷம் போதும். 119 மட்டும் 176 வசனம், ரொம்ப நீளம், அதை 31-ஆம் தேதிக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுங்கள்.