ஸ்ட்ரிக்ட்லி பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

டிவி நடனப் போட்டியில் 40-க்கு 39 மார்க் வாங்கிய ஜோடி கடைசி இரண்டில் நிற்கிறது. கால் தடுமாறி 25 வாங்கியவர் தப்பித்து, சிரித்துக்கொண்டே மேலே மாடிக்கு ஏறிப் போகிறார். உடனே வீட்டில் ஒருவர் "இது மோசடி" என்கிறார், இன்னொருவர் இனிமேல் இதைப் பார்க்கவே போவதில்லை என்கிறார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் அதே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கிலாந்துக்கு வந்த பிறகு எனக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம் பிபிசியின் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்'. 2004-ல் தொடங்கிய போட்டி. நடிகர், விளையாட்டு வீரர், செய்தி வாசிப்பவர் என்று பிரபலமான ஒருவர் தொழில்முறை நடனக் கலைஞர் ஒருவரோடு ஜோடி சேர்ந்து வாரம் ஒரு நடனம் ஆடுவார். நடுவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 10, மொத்தம் 40. அதன் மேல் மக்கள் ஓட்டு. இதைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது, பேசுவதில்தான் பாதி சுகம். ஆனால் பல வருடம் தப்பாகப் பார்த்து, தப்பாகக் கோபப்பட்டிருக்கிறேன். அந்தத் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

மார்க் வேறு, புள்ளி வேறு

மிகப் பெரிய தவறு இதுதான். 39 வாங்கியவருக்கும் 25 வாங்கியவருக்கும் 14 மார்க் வித்தியாசம் இருக்கிறது, அதைத் தாண்டி எப்படி ஓட்டு காப்பாற்றும் என்று நினைக்கிறோம். அந்த 14 மார்க் எங்கேயும் சேர்வதில்லை. மார்க்கை வைத்து ஜோடிகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்குத்தான் புள்ளி கொடுக்கிறார்கள். மக்கள் ஓட்டுக்கும் அதேபோல வரிசை, அதேபோல புள்ளி. இரண்டையும் கூட்டுகிறார்கள். கூட்டல் சமமாக வந்தால் மக்கள் ஓட்டு அதிகம் உள்ளவர் மேலே போவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு ஜோடிகள் இருக்கின்றன. நடுவர்கள் கொடுத்த மார்க் முறையே 39, 38, 37, 36, 28, 25. புள்ளிகள் 6, 5, 4, 3, 2, 1. முதல் நான்கு பேருக்கு நடுவே ஒவ்வொரு மார்க்தான் இடைவெளி. 36-க்கும் 28-க்கும் நடுவே 8 மார்க். ஆனால் புள்ளியில் எல்லா இடைவெளியும் ஒன்றே ஒன்றுதான்.

இப்போது மக்கள் ஓட்டு. 25 வாங்கியவர்மேல் ஊருக்கே பாசம், அவர் முதலிடம், 6 புள்ளி. 28 வாங்கியவருக்கு 5. 36-க்கு 4. 38-க்கு 3. 37-க்கு 2. "இவர்தான் எப்படியும் ஜெயித்துவிடுவாரே" என்று எல்லோரும் விட்டுவிட்டதால் 39-க்கு 1. கூட்டினால் 38 வாங்கியவர் 8 புள்ளியோடு மேலே இருக்கிறார். 39, 36, 28, 25 வாங்கிய நால்வரும் ஆளுக்கு 7. 37 வாங்கியவர் 6-ல் கடைசி. சமமாக நிற்கும் நால்வரில் மக்கள் ஓட்டு மிகக் குறைவாக வாங்கியது 39-காரர். ஆக, கடைசி இரண்டு ஜோடிகள் மறுபடி ஆட, நடுவர்கள் ஒன்றை வெளியேற்றும் டான்ஸ் ஆஃபுக்கு 39-ம் 37-ம் போகின்றன. 25 வாங்கியவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். இதில் மோசடி எங்கேயும் இல்லை. கணக்கு அப்படி.

இந்தக் கணக்கு நடத்துகிறவர்களையே ஒருமுறை மாட்டிவிட்டது. 2008 டிசம்பர் அரையிறுதியில் மூன்று ஜோடிகள். ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் நடுவர் மார்க்கில் சமமாக முதலிடம், ஆளுக்கு 3 புள்ளி. டாம் சேம்பர்ஸுக்கு 1. மக்கள் ஓட்டில் டாம் முதலிடம் வந்தாலும் 3 சேர்ந்து 4தான். மற்ற இருவரில் ஓட்டில் கடைசியாக வருகிறவருக்கே 3-ம் 1-ம் சேர்ந்து 4 வந்துவிடும், இன்னொருவருக்கு 5. அதாவது நாடே திரண்டு டாமுக்கு ஓட்டுப் போட்டாலும் அவரைக் கடைசி இரண்டிலிருந்து மீட்க வழியில்லை. மூன்று ஜோடிகளையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பினார்கள். அதில் ஜெயித்தவர் டாம் சேம்பர்ஸ்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்: உங்களுக்குப் பிடித்தவர் மேலே இருக்கிறார் என்பதற்காக ஓட்டை மிச்சம் பிடிக்காதீர்கள். நன்றாக ஆடுகிறவர்களுக்குத்தான் ஓட்டு அவசரமாகத் தேவைப்படும். இறுதிச் சுற்றில் நடுவர் மார்க் கணக்கிலேயே சேராது, வெறும் வழிகாட்டுதல்தான். 2016-ல் சாம்பாவுக்கு 40-க்கு 40 வாங்கிய டேனி மேக் இறுதிவரை வந்தார். கோப்பை ஓர் ஒடூபாவுக்குப் போனது. டேனிக்கு உறுதி என்று நினைத்து அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதோடு சேர்ந்தது கிரெய்க் ரெவல் ஹார்வுட் மேல் படும் கோபம். தொடக்கத்திலிருந்து இருக்கும் நடுவர், மார்க்கைக் கிள்ளிக் கொடுப்பவர். மற்றவர்கள் 8 போடும் இடத்தில் அவர் 5 போடுவார், அரங்கம் முழுக்கக் கூச்சல் போடும். எல்லோருக்குமே அவர் குறைத்துப் போட்டால் வரிசை மாறாது. அவர் உங்கள் ஜோடிக்கு 5-ம் பக்கத்து ஜோடிக்கு 8-ம் போட்டால்தான் கவலை. ஒரு நடுவரை இன்னொரு நடுவரோடு ஒப்பிடாமல், அவர் அதே இரவில் மற்றவர்களுக்கு என்ன போட்டார் என்று பாருங்கள்.

கையைப் பார்த்துக் காலை மறப்பது

சின்ன வயதில் பரதம் கற்றவர்களுக்கு இந்தத் தவறு இன்னும் அதிகமாக வரும், எனக்கு வந்தது. கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அரைமண்டியில் உட்கார்ந்துவிட்டால் உடம்பு ஒரே உயரத்தில் நிற்கும். பாதம் தரையைத் தட்டுகிற சத்தம் காதுக்கே வந்துவிடும். அதனால் பார்க்கிறவர் கண் முத்திரையிலும் முகத்திலும் நிற்கும்.

வால்ட்ஸில் கைக்கு வேலையே இல்லை. ஜோடியைப் பிடித்த பிடி அசையக் கூடாது. முழுக் கதையும் பாதத்தில் நடக்கிறது. மூன்று எண்ணிக்கை. முன்னால் போகிறவர் முதல் எண்ணுக்குக் குதிகாலை வைத்துத் தாழ்வாகப் போக வேண்டும், இரண்டு மூன்றுக்கு விரல்மேல் எழும்ப வேண்டும், மூன்றின் கடைசியில் மெல்ல இறங்க வேண்டும். கடல் அலை மாதிரி. இதைத் தப்பாகச் செய்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் எகிறிக்கொண்டிருப்பார். டாங்கோவிலும் முன்னால் வைக்கும் அடியில் குதிகால்தான் முதலில், ஆனால் எழும்புவதும் இறங்குவதும் கிடையாது. முழங்கால் மடங்கியபடியே, பூனை பதுங்குகிற மாதிரி. சாச்சாவில் குதிகாலை முதலில் வைத்தால் அதுவே பிழை, முன்பாதம்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். ஆக, ஒரே குதிகால் ஒரு நடனத்தில் அழகு, இன்னொன்றில் மார்க் போகிற இடம். ஷர்லி பல்லாஸ் 2017-ல் தலைமை நடுவராக வந்ததிலிருந்து பாதத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அவர் தேவையில்லாமல் குறை கண்டுபிடிக்கிறார் என்று நானும் முதலில் நினைத்தேன். பக்கத்து ஊர் மன்றத்தில் மூன்று மாதம் வால்ட்ஸ் வகுப்புக்குப் போன பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ஒரு வழி சொல்கிறேன். சனிக்கிழமை முழு மனதோடு ரசித்துப் பாருங்கள். மறுநாள் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் அதே நடனத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை, தொழில்முறைக் கலைஞரை விட்டுவிட்டுப் பிரபலத்தை மட்டும் பாருங்கள். தூணைச் சுற்றிக் கொடி படர்கிற மாதிரி, சில நடனங்களில் கூட ஆடுகிறவர்தான் சுழன்றுகொண்டே இருப்பார், போட்டியாளர் நடுவில் நின்றிருப்பார். முதல் தடவை பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. நல்ல கலைஞர்கள் தங்கள் ஜோடியின் குறையை மறைப்பதில் அவ்வளவு தேர்ந்தவர்கள். அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் மார்க் போட்டியாளருக்குத்தானே.

டிவி நமக்கு எல்லாவற்றையும் காட்டுவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். முக்கியமான அடி வரும் நேரத்தில் கேமரா முகத்துக்குப் போயிருக்கும். நடுவர் மேசையில் இருப்பவர்களுக்குப் பாதம் தெரியும். "நான் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை" என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால், பாதம் திரையில் இருந்ததா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

தூக்கினால் கைதட்டுவது, மெதுவாக இருந்தால் எளிது என்பது

அமெரிக்கன் ஸ்மூத், அர்ஜென்டைன் டாங்கோ, சல்சா, சார்ல்ஸ்டன், 2018-ல் வந்த, ஜோடியே பாணியைத் தேர்ந்தெடுக்கும் கப்பிள்ஸ் சாய்ஸ் ஆகியவற்றில் ஜோடியைத் தூக்கலாம். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், சாச்சா, ரும்பா போன்றவற்றில் தூக்கினால் விதிமீறல். ஜோடியின் துணையோடு இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பினால் அது லிஃப்ட். 2016 வரை தலைமை நடுவராக இருந்த லென் குட்மன் இதில் விட்டுக்கொடுக்காதவர். பாட்டு தொடங்கியும் ஜோடி பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தாலும் அவருக்குப் பிடித்ததில்லை.

ரும்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. மெதுவான நடனம், அதனால் சுலபம் என்று நினைக்காதீர்கள். வேகமான ஜைவ் நடனத்தில் ஒரு உதை தவறினால் அடுத்த உதை அதை மூடிவிடும். ரும்பாவில் மூட எதுவும் இல்லை. ஒவ்வொரு அடியிலும் எடை முழுதாகக் காலுக்கு மாறி, அதிலிருந்து இடுப்பு அசைய வேண்டும். இடுப்பைத் தனியாக ஆட்டினால் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

இரண்டாம் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்வது

2020-ல் நகைச்சுவைக் கலைஞர் பில் பெய்லி வந்தபோது, சிரிக்க வைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள், நான்கு வாரம் தாங்குவார் என்று நான் சொன்னேன். அவருக்கு வயது 55. ஓட்டி மபூசேயுடன் ஆடிக் கோப்பையை வாங்கினார். அதற்கு முந்தைய வருடம் காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர் கெல்வின் ஃப்ளெச்சர், அவரும் ஓட்டியோடுதான் ஜெயித்தார்.

2021-ல் ரோஸ் ஐலிங்-எல்லிஸ் வந்தார். போட்டியின் முதல் காது கேளாத போட்டியாளர். இசை கேட்காமல் எப்படி என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ஜியோவானி பெர்னிச்சேயின் உடம்பு அசைவையும் எண்ணிக்கையையும் பிடித்துக்கொண்டு அவர் தாளம் தவறாமல் ஆடினார். ஒரு நடனத்தில் நடுவே இசை நின்றது, அவர்கள் இருவரும் நிற்கவில்லை. அந்தச் சில விநாடிகள் எங்கள் வீட்டில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அந்த வருடக் கோப்பை அவருக்கு. 2024-ல் பார்வையற்ற கிறிஸ் மெக்காஸ்லாண்ட் டயான் பஸ்வெல்லுடன் ஜெயித்தார். பார்த்துக் கற்கவே முடியாத ஒருவருக்கு ஒரு அடியைச் சொல்லாலும் தொடுதலாலும் எப்படிக் கற்றுக்கொடுத்திருப்பார் என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரில் நாம் பார்ப்பது ஒரு மனிதரின் முதல் வாரங்களை மட்டும்தான். டிசம்பரில் வரப்போகிறவர் வேறு ஆள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. "அவர் ஏற்கெனவே நடனம் தெரிந்தவர், இது நியாயமில்லை" என்று ஒருவரை ஒதுக்குவது. மேடை நாடகத்தில் ஆடியவருக்குத் தாளமும் கூச்சமின்மையும் முன்கூட்டியே கிடைத்திருக்கும், அது உண்மை. ஆனால் ஒருவரைப் பிடித்தபடி ஃபாக்ஸ்ட்ராட்டில் சறுக்கிப் போவதை மேடை நாடகம் கற்றுக்கொடுக்காது. தனியாக ஆடிப் பழகியவர்கள் ஜோடியாக ஆடும்போது படும் பாடு தனி. ஓட்டுப் போட மனமில்லை என்றால் போடாதீர்கள், அது உங்கள் உரிமை. அவர் உழைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம், சுமாராக ஆடுகிறவருக்கு ஓட்டுப் போடுகிற ரசிகர்களைத் திட்டுவது. 2008-ல் அரசியல் செய்தியாளர் ஜான் சார்ஜன்ட் வாரா வாரம் நடுவர்களிடம் அடிவாங்கி, வாரா வாரம் மக்களால் காப்பாற்றப்பட்டார். கடைசியில், தானே ஜெயித்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லி நவம்பரில் விலகினார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் நடனம் தெரியாதவர்கள் இல்லை. சனிக்கிழமை மாலையில் அவரைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். எனக்கு அந்த ரசனை இல்லை, நான் காலைப் பார்க்கிறவள். ஆனால் அந்த ஓட்டும் ஓட்டுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கருத்தை வீட்டிலும் நண்பர்களிடமும் எவ்வளவு காரமாகவும் சொல்லுங்கள். ஆடினவருடைய சமூக ஊடகப் பக்கத்துக்கே போய் எழுதாதீர்கள். அவர்கள் படிக்கிறார்கள். திங்கட்கிழமை காலை அதே காலோடு அடுத்த நடனத்தைக் கற்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறுக்கு முன்னால் போனைத் திறப்பது

ஞாயிறு மாலை வரும் முடிவு நிகழ்ச்சியைச் சனிக்கிழமை இரவே படம்பிடித்துவிடுகிறார்கள். அரங்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், யார் வெளியேறினார் என்பது நள்ளிரவுக்குள் எங்காவது கசிந்துவிடும். தேடக்கூட வேண்டாம், சும்மா விரலால் தள்ளிக்கொண்டு போகும்போதே கண்ணில் படும். போட்டியாளர்கள் பெயரை ஞாயிறு இரவு வரை மறைத்து வைக்கும் வசதி சில செயலிகளில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் முடிவு அந்தக் குழுவில்தான் வந்தது.