வீட்டு சர்வர்: பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும் டிஸ்கை நீங்களே மாற்றுவதும்

வீட்டில் எல்லார் போனிலும் இடம் நிறைந்துவிட்டது, மாதாமாதம் கிளவுடுக்குப் பணம் கட்ட மனமில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படங்கள், வீடியோக்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போதும். அதைத்தான் வீட்டு சர்வர் என்கிறோம். பலரும் பிராசஸரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, மூடியைத் திறந்தால் உள்ளே எத்தனை டிஸ்குக்கு இடம் இருக்கிறது என்பதை. கோப்புகளைப் பகிர இன்டெலின் பழைய ஐ3 பிராசஸர் கூடத் தாராளம். சில வருடங்களில் தீர்ந்துபோவது டிஸ்க் இடம்தான்.

எந்தப் பெட்டி?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலுவலகங்களிலிருந்து வந்த பழைய டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள் நிறைய கிடைக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் போங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் மைக்ரோ, டைனி வகைப் பெட்டிகள் பார்க்க அழகு. ஆனால் அவற்றுக்குள் பொதுவாக எம்.2 எனப்படும் சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி ஒன்றும் ஒரு இரண்டரை அங்குல டிஸ்கும்தான் போகும். அதுவும் 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ள டிஸ்க். அந்தத் தடிமனில் ஹார்ட் டிஸ்க் 2 டிபியோடு (டெராபைட்) நின்றுவிடுகிறது. அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லியான டெஸ்க்டாப்பைத்தான் நான் சொல்வேன். மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்றாவது அதில் உட்காரும். கடையில், "அண்ணே, மூடியைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டிவியில் படம் ஓட்டும் எண்ணமும் இருந்தால் இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது நல்லது. எச்.265 முறையில் சுருக்கிய 10 பிட் வீடியோவை அதன் கிராபிக்ஸ் பகுதியே கவனித்துக்கொள்ளும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டவரையே போட்டால் என்ன? போடலாம், ஆனால் கரண்ட் கணக்கைப் பாருங்கள். 70 வாட் இழுக்கும் டவர் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 100 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். 15 வாட் பெட்டிக்கு அதே காலத்தில் 22 யூனிட்கூட ஆகாது.

டிஸ்க் வாங்கும்போது

ஹார்ட் டிஸ்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. தகவல் எழுதப்படும் தடங்கள் சிஎம்ஆரில் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆரில் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். ஒன்றைத் திருத்தி எழுத பக்கத்துத் தடங்களையும் எழுத வேண்டிவரும். பெரிய அளவில் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும், பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டில் போட்டால் இன்னும் மோசம். 2020-இல் இப்படிப்பட்ட சர்வர்களுக்கென்றே விற்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்தது. அப்புறம்தான் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்ற தனிப்பெயர் வந்தது. ரெட் பிளஸ் அல்லது சீகேட் அயர்ன்வுல்ஃப் என்று கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம். டிஸ்க் மேலுள்ள சீரியல் எண்ணை தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, வாரண்டி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

8 டிபி டிஸ்க் 7.28 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளரும் கம்ப்யூட்டரும் டிபியைக் கணக்கிடும் அளவு வேறு, அவ்வளவுதான்.

மாற்றும் நாள்

உங்கள் சர்வரில் ஓப்பன் மீடியா வால்ட் என்ற இலவச சர்வர் மென்பொருள் ஓடுகிறது, சிஸ்டம் எம்.2 எஸ்எஸ்டியில், கோப்புகள் 2 டிபி டிஸ்கில் என்று வைத்துக்கொள்வோம். தொலைந்தால் திரும்பக் கிடைக்காத படங்களை முதலில் வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

சர்வரை முறைப்படி ஷட்டவுன் செய்து, ஒயரைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு மூடியைத் திறங்கள். பழைய டிஸ்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கியைக் கழற்றிப் புதியதில் மாட்டி, கரண்ட், டேட்டா ஒயர்கள் இரண்டையும் பொருத்துங்கள். ஒயர் முனை எல் வடிவம் என்பதால் ஒரு பக்கமாகத்தான் நுழையும், அழுத்தித் திணிக்க வேண்டாம்.

புது டிஸ்கைப் பெட்டிக்குள் வைத்த பிறகே ஃபார்மட் செய்யுங்கள். டிஸ்கை வெளியே வைத்து இணைக்கும் யூஎஸ்பி டாக்குகளில் சில, செக்டர் (டிஸ்கில் தகவல் எழுதப்படும் சின்னப் பகுதி) அளவை மாற்றிக் காட்டும். அங்கே ஃபார்மட் செய்த டிஸ்க் உள்ளே போனதும் படிக்காமல் போகலாம்.

ஃபார்மட்டுக்கு முன்னால், டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பக்கத்தில் நீளமான சோதனையை ஓட விடுங்கள்; ஓர் இரவு முழுக்க எடுக்கும். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்டவை), பெண்டிங் செக்டர் (சந்தேகத்தில் இருப்பவை) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிஸ்க் என்று விற்றதில் பவர் ஆன் ஹவர்ஸ் (டிஸ்க் ஓடிய மணிநேரம்) ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புதிதல்ல, உடனே திருப்பிக் கொடுங்கள்.

எல்லாம் சரி என்றால் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் செய்து மவுண்ட் செய்யுங்கள், அதாவது சர்வர் பயன்படுத்தும்படி இணையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே மஞ்சள் பட்டை வரும். அதில் ஒப்புதல் கொடுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். பழைய டிஸ்கை தனி அடாப்டர் உள்ள டாக்கில் வைத்து, யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நகலெடுங்கள். 2 டிபிக்குக் குறைந்தது நாலு மணி நேரம். சின்னச் சின்னப் படங்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். முடிந்ததும் ஆர்சிங்கை இன்னொரு தடவை ஓட்டுங்கள். நகலெடுக்க எதுவும் மிச்சமில்லை என்று வந்த பிறகு, பகிர்ந்த ஃபோல்டர்களைப் புது டிஸ்குக்குத் திருப்புங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். அக்னி நட்சத்திர நாட்களில் மூடிய அலமாரிக்குள் டிஸ்க் வெந்துபோகும். காற்றோட்டமாக, தரையிலிருந்து உயரமாக வையுங்கள். கூடவே ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வேண்டும்.

பழைய டிஸ்க்

அழிக்காதீர்கள். சில வாரம் அப்படியே இருக்கட்டும். பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒரே கோப்பு இரண்டிலும் இருக்கும்படி ரெய்டு வைத்தாலும், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழிந்துவிடும்; திருட்டுக்கும் தண்ணீருக்கும் அது தடையல்ல. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்கள் நமக்குத் தெரியும். அதனால் பழைய டிஸ்கை வேறு பகுதியில், முடிந்தால் மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வந்து, முதலில் உள்ளே இருக்கும் சில கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் புதியவற்றை ஏற்றுங்கள்.